தீர்த்தமலையின் ஆறு இலக்கமும் இராமானுஜனின் பதின்மூன்று இலக்கமும்

ஒரு முழு எண் எவ்வளவு பெரியது என்பதை அதன் இலக்கங்களை எண்ணியே சொல்லிவிடலாம். ஆனால் அது எத்தகைய எண் என்பதை இலக்கங்கள் வெளிக்காட்டுவதில்லை, அந்த எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்த பின்னரே அதன் இயல்பு தெரியவரும். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் 2, 3, 5, 7, 11 போன்ற எண்கள் பகா எண்கள் எனப்படும்; ஒன்றைவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணும் பகா எண்ணாக இருக்கும், அல்லது பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வழியில் எழுதக்கூடியதாக இருக்கும் என்பதே எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். இக்கட்டுரை இரண்டு எண்களை அருகருகே வைத்து இந்த உண்மையின் விளைவுகளைப் பார்க்கிறது. அவற்றுள் ஒன்று தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலையின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 636906. மற்றொன்று 1915ஆம் ஆண்டு சீனிவாச இராமானுஜன் வெளியிட்ட அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800.

அஞ்சல் எண்ணைப் பிரித்தல்

தீர்த்தகிரீசுவரர் கோயிலால் அறியப்படும் தீர்த்தமலைக்கு 636906 என்ற எண் கணிதக் காரணம் எதனாலும் கிடைத்ததன்று. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அஞ்சல் துறை நடைமுறைப்படுத்திய ஆறு இலக்கக் குறியீட்டு முறையில் முதல் இலக்கமாகிய 6 தென்னகத்தின் ஒரு பகுதியையும், முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரித்தனுப்பும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டிலேயே பிரிக்கப்பட்டுவிட்டபோதிலும், இரண்டு மாவட்டங்களின் பல ஊர்களும் இன்றும் 636 என்ற ஒரே தொடக்கத்தைக் கொண்டிருக்கின்றன. கணித நோக்கில் பார்த்தால் எந்தத் திட்டமும் இல்லாமல் கையில் அகப்பட்ட ஒரு சாதாரண எண் இது என்பதால், சாதாரண எண் எப்படி இருக்கும் என்று ஆராய இதுவே பொருத்தமானது.

இந்த எண் இரட்டை எண்ணாதலால் 2ஆல் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 30 ஆதலால் 3ஆல் வகுபடும், ஆனால் 9ஆல் வகுபடாது. இவ்விரண்டையும் நீக்கினால் 106151 எஞ்சுகிறது. இதை 5, 7, 11, 13 என ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால் நூறுக்குட்பட்ட பகா எண்கள் எதுவும் இதை மீதியின்றி வகுப்பதில்லை. நூறைத் தாண்டி வரும் முதல் பகா எண்ணாகிய 101தான் வகுக்கிறது, ஈவு 1051. இந்த 1051 பகு எண்ணாக இருக்குமானால் அதன் பகாக் காரணிகளில் ஒன்றேனும் அதன் வர்க்கமூலமாகிய 32.4ஐவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். அத்தகைய சிறிய பகா எண்கள் அனைத்தும் முன்பே சோதித்துக் கழிக்கப்பட்டுவிட்டமையால் மேலும் ஒரு வகுத்தலும் செய்யாமலே 1051 பகா எண் என்று முடிவு செய்யலாம். ஆகவே,

636906 = 2 × 3 × 101 × 1051.

காரணிகளை எண்ணும் முறை

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். ஒன்றும் அந்த எண்ணும்கூட இவற்றுள் அடங்கும். ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்றறிய ஒவ்வொன்றாகத் தேடத் தேவையில்லை. பகாக் காரணிகளின் அடுக்கு ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டி, கிடைப்பவற்றைப் பெருக்கினால் போதும். எடுத்துக்காட்டாக, 60 என்பது 2² × 3 × 5 ஆகும்; இதன் காரணி ஒன்றை உருவாக்கும்போது 2ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம் என மூன்று வாய்ப்புகளும், 3க்கு இரண்டு வாய்ப்புகளும், 5க்கு இரண்டு வாய்ப்புகளும் இருப்பதால் 3 × 2 × 2 = 12 காரணிகள் கிடைக்கின்றன.

இதே முறையில் 636906க்கு 2 × 2 × 2 × 2 = 16 காரணிகள் உண்டு. அவை 1, 2, 3, 6, 101, 202, 303, 606, 1051, 2102, 3153, 6306, 106151, 212302, 318453, 636906 ஆகியவை. ஆறு லட்சத்தைத் தாண்டிய எண்ணுக்குப் பதினாறு காரணிகள் என்பது பெரிதா சிறிதா என்ற கேள்விக்கு, அதே பதினாறு காரணிகளை 120 என்ற மூன்று இலக்க எண்ணே பெற்றிருக்கிறது என்பது ஒரு விடை. 636906ஐவிடச் சிறிய எண்ணாகிய 554400க்கு 216 காரணிகள் உண்டு என்பது மற்றொரு விடை. அளவில் பெரியதாக இருப்பதற்கும் காரணிகள் நிறைந்திருப்பதற்கும் நேரடித் தொடர்பில்லை என்பது இதிலிருந்தே தெளிவாகிறது.

உயர்பகு எண்கள்

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளைக் கொண்ட எண்ணை உயர்பகு எண் என்று அழைக்கலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 என்று இவ்வரிசை வளர்கிறது. மனித நாகரிகங்கள் பொருள்களையும் காலத்தையும் பங்கிடத் தேர்ந்தெடுத்த எண்களில் பல இவ்வரிசையில் இருப்பது தற்செயல் ஆகாது; பாபிலோனியர் 60ஐ அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டனர், தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர், கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் ஒரு நகரத்தின் குடிகளின் எண்ணிக்கை 5040 ஆக இருக்கலாம் என்று கூறியதும் அது பல வகையில் பங்கிட வசதியான எண் என்பதனாலேயே ஆகும்.

ஆயினும் பழைய அளவைகள் எல்லாமே இந்த வழியில் அமைந்துவிடவில்லை. தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் மா என்பது இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு, முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இந்த 320 என்பது 2⁶ × 5 ஆகும். அதற்கு 14 காரணிகள் உண்டு, அவற்றுள் 3 இல்லை. பாதி, கால், அரைக்கால், மாகாணி என்று இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போவதற்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் ஒரு பொருளைச் சரியாக மூன்று பங்காக்கினால் அப்பங்கை முழு முந்திரிகளில் எழுத முடியாது. அறுபதில் அமைந்த நாழிகைக் கணக்குக்கு இந்தத் தடை இல்லை. ஓர் எண்ணின் பகாக் காரணி அமைப்பு, அதைப் பயன்படுத்தும் மக்களின் பங்கீட்டு முறையையே எவ்வாறு எல்லைப்படுத்துகிறது என்பதற்கு இவ்விரு அளவைகளும் ஒரே பண்பாட்டுக்குள்ளிருந்தே கிடைக்கும் சான்றுகள்.

1915ஆம் ஆண்டின் அட்டவணை

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1912 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் விளைவாக 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறினார். அடுத்த ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 347ஆம் பக்கம் முதல் 409ஆம் பக்கம் வரை நீண்ட அவருடைய கட்டுரை வெளியாயிற்று. அவர் வாழ்நாளில் அச்சான மிகப் பெரிய ஆய்வு அதுவே. உயர்பகு எண்களைப் பற்றிய அந்த ஆய்வின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. கல்லூரித் தேர்வில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்றுப் படிப்பை முடிக்க இயலாமற்போன ஒருவர் பெற்ற முதல் பட்டம் அது.

அக்கட்டுரையில் 102 உயர்பகு எண்கள் கொண்ட ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அதன் காரணிகளின் எண்ணிக்கையையும், அந்த எண்ணிக்கைக்கே எத்தனை காரணிகள் என்பதையும் இராமானுஜன் தந்திருக்கிறார். அட்டவணை முடிவது 6746328388800 என்ற பதின்மூன்று இலக்க எண்ணில். நம் வழக்கப்படி படித்தால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. அதன் அமைப்பு இவ்வாறு:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2, அதாவது 10080 காரணிகள். ஒன்று முதல் 28 வரையுள்ள எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். 29 இதன் பகாக் காரணிகளில் இல்லாததால் அங்கேதான் முதன்முதலாக மீதி வருகிறது. காரணிகளின் எண்ணிக்கையாகிய 10080 தானும் ஓர் உயர்பகு எண். அதற்கு 72 காரணிகள் உண்டு.

அடுக்குகள் இறங்கும் ஒழுங்கு

மேற்கண்ட பிரிப்பில் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று ஒரு முறைகூட ஏறாமல் இறங்கி வருவதையும், 2 முதல் 23 வரையுள்ள பகா எண்களில் ஒன்றுகூட விடுபடாமல் இருப்பதையும் கவனிக்கலாம். உயர்பகு எண்கள் அனைத்துக்கும் இது பொதுவான பண்பு. அதன் காரணமும் எளியது. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கும் சிறிய பகா எண்ணுக்குச் சிறிய அடுக்கும் இருக்குமானால், அவ்விரண்டையும் இடம் மாற்றி, காரணிகளின் எண்ணிக்கை மாறாமலே எண்ணைச் சிறிதாக்கிவிடலாம். 2 × 3² = 18, 2² × 3 = 12 ஆகிய இரண்டுக்கும் ஆறு காரணிகளே; எனவே 12 முன்னதாக வந்து 18இன் தகுதியைப் பறித்துவிடுகிறது. இடையில் ஒரு பகா எண்ணைத் தாண்டிச் செல்வதும் இதே போல வீண் செலவுதான்.

இதைவிட நுட்பமானது, எந்த அடுக்கை எப்போது உயர்த்துவது என்னும் கேள்வி. புதிய பகா எண் ஒன்றைச் சேர்த்தால் காரணிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஆனால் எண்ணும் அந்தப் பகா எண் மடங்கு பெரிதாகும். ஏற்கெனவே உள்ள 2இன் அடுக்கை உயர்த்தினால் எண் இரு மடங்குதான் பெரிதாகும், ஆனால் காரணிகளின் எண்ணிக்கை சிறிதளவே கூடும். அட்டவணையின் கடைசி எண்ணிலிருந்து 23ஐ நீக்கினால் 293318625600 கிடைக்கிறது. இதற்கு 5040 காரணிகள். இதை 23ஆல் பெருக்கினால் 10080 காரணிகள் கொண்ட 6746328388800 வருகிறது. அதற்குப் பதிலாக 2ஆல் ஐந்து முறை பெருக்கினால் 9386196019200 என்ற இன்னும் பெரிய எண் வருகிறது; ஆனால் அதற்கு 12 × 5 × 3 × 3 × 16 = 8640 காரணிகள் மட்டுமே. பெரிய எண்ணுக்குக் குறைந்த காரணிகள் கிடைப்பதால் இந்த வழி தோற்கிறது. இவ்வாறு ஒவ்வொரு பகா எண்ணுக்கும் கொடுக்கும் விலையையும் அதனால் கிடைக்கும் பயனையும் எடைபோட்டு, எந்த அடுக்கு எவ்வளவுக்குள் இருந்தாக வேண்டும் என்று வரம்பு கட்டுவதே இராமானுஜனின் கட்டுரையினுடைய பெரும்பகுதி.

அந்த வரம்புகளிலிருந்து அவர் பெற்ற முடிவுகளுள் ஒன்று தனித்துச் சொல்லத் தக்கது: ஓர் உயர்பகு எண்ணின் மிகப் பெரிய பகாக் காரணியின் அடுக்கு எப்போதும் 1 ஆகவே இருக்கும், இந்த விதிக்கு முடிவிலாத எண் வரிசை முழுவதிலும் 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே விலக்கு. இவற்றோடு, உயர்பகு எண்களுக்குள்ளும் சிறப்புடைய ஒரு வகையை அவர் பிரித்தெடுத்தார். எண்ணை ஒரு நிலையான அடுக்குக்கு உயர்த்தி, காரணிகளின் எண்ணிக்கையை அதனால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், அடுக்கின் ஏதேனும் ஒரு மதிப்புக்கு எந்த எண்ணில் உச்சத்தை அடைகிறதோ அந்த எண் மீயுயர்பகு எண்ணாகும். 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று செல்லும் இவ்வரிசைக்குத் தெளிவான சூத்திரம் உண்டு. நம் பதின்மூன்று இலக்க எண் இந்த வரிசையில் இடம்பெறுவதில்லை; அதன் மூன்றில் ஒரு பங்காகிய 2248776129600 இடம்பெறுகிறது.

விடுபட்ட எண்

கணிப்பொறியோ எந்திரக் கணக்கீடோ இன்றித் தொகுக்கப்பட்ட அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அது 293318625600; மேலே கண்டவாறு கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைக்கும் அதே எண்தான். இதற்கு 5040 காரணிகள். இதற்கு அடுத்து வரும் உயர்பகு எண்ணாகிய 321253732800க்கு 5376 காரணிகள். கைக்கணக்காகச் செய்யப்பட்ட இத்தகைய நீண்ட பணியில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களுள் ஒன்று மட்டுமே தவறியிருப்பது, அடுக்குகளுக்கு அவர் வகுத்த வரம்புகள் எவ்வளவு இறுக்கமானவை என்பதைக் காட்டுகிறது. அவ்வரம்புகள் இல்லாவிடில் சோதிக்க வேண்டிய எண்களின் பட்டியலுக்கு முடிவே இருந்திராது.

சராசரியும் இயல்பும்

காரணிகள் மிகுந்த எண்களை ஆராய்ந்த இராமானுஜனே, அத்தகைய எண்கள் எவ்வளவு அரியவை என்பதையும் ஹார்டியோடு சேர்ந்து நிறுவினார் என்பது இந்த வரலாற்றின் மிகச் செறிவான பகுதி. ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிக்ளே 1849ஆம் ஆண்டில், ஒன்று முதல் ஓர் எண் வரையிலான எல்லா எண்களின் காரணி எண்ணிக்கைகளுக்கும் சராசரி கண்டால் அது அந்த எண்ணின் இயல் மடக்கையோடு ஏறத்தாழ 0.15ஐக் கூட்டியதாக இருக்கும் என்று காட்டியிருந்தார். இயல் மடக்கை என்பது ஏறத்தாழ 2.718 என்ற மாறிலியை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் கிடைக்கும் என்பதைச் சொல்லும் அளவு. 636906க்கு அது 13.36, ஆகவே அந்த எண் வரையிலான சராசரி ஏறத்தாழ 13.5 காரணிகள். பதினாறு காரணிகள் கொண்ட தீர்த்தமலையின் எண் இந்தச் சராசரியைச் சற்றே தாண்டி நிற்கிறது.

ஆனால் சராசரி என்பது பெரும்பாலான எண்களின் நிலையைச் சொல்வதில்லை. 1917ஆம் ஆண்டு ஹார்டியும் இராமானுஜனும் வெளியிட்ட தேற்றத்தின்படி, ஓர் எண்ணுக்கு வழக்கமாக இருக்கக்கூடிய வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் இயல் மடக்கை கண்டால் கிடைக்கும் மதிப்பை ஒட்டி அமையும். எண்கள் பெரிதாகப் பெரிதாக, விகித அளவில் இதிலிருந்து கணிசமாக விலகும் எண்களின் பங்கு பூச்சியத்தை நோக்கிச் சுருங்கும். இரட்டை மடக்கை மிக மெதுவாக வளர்வது. 636906க்கு அதன் மதிப்பு 2.6, அட்டவணையின் கடைசி எண்ணுக்கோ, அது ஒரு கோடி மடங்குக்கும் மேல் பெரியதாக இருந்தும், மதிப்பு 3.4 மட்டுமே. இதிலிருந்து காரணிகளின் எண்ணிக்கைக்கும் ஒரு மதிப்பீடு பெறலாம்: ஆறு லட்சத்தை ஒட்டிய எண்ணுக்கு வழக்கமான காரணிகள் ஏறத்தாழ ஆறு, பதின்மூன்று இலக்க எண்ணுக்கு ஏறத்தாழ பத்து.

வழக்கமான எண்ணிக்கை ஆறாக இருக்கும்போது சராசரி பதின்மூன்றரையாக உயர்வது, ஊரில் பெரும்பாலோரிடம் ஓரிரு ஏக்கரே இருக்க, ஒரு சில பெருநிலக்கிழார்களின் நிலத்தையும் சேர்த்துச் சராசரி கண்டால் எல்லோரும் வசதியானவர் போலத் தோன்றுவதை ஒத்தது. காரணிகள் மிகுந்த சில எண்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. இந்த அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால் நான்கு பகாக் காரணிகளையும் பதினாறு காரணிகளையும் உடைய 636906 இயல்பிலிருந்து சற்றே விலகியது, வியப்புக்குரியது ஆகாது. மாறாக, 6746328388800க்கு வெவ்வேறு பகாக் காரணிகள் ஒன்பது. அதன் 10080 காரணிகள், அந்த எண் வரையிலான சராசரியாகிய 29.7ஐப் போல 339 மடங்கு. சிறிய பகா எண்களின் பெருக்கமாக அமையும் எண்களை அன்றாடக் கணக்கில் அடிக்கடி சந்திப்பதால் அவை எங்கும் நிறைந்தவை என்று தோன்றுகிறது. உண்மையில் நாம்தான் 60, 360 போன்ற அவற்றைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துகிறோம். ஹார்டி–இராமானுஜன் தேற்றத்துக்கு 1934ஆம் ஆண்டு ஹங்கேரியின் பால் டூரான் மிக எளிய நிறுவலொன்றைத் தந்தார். 1940ஆம் ஆண்டு பால் ஏர்டோசும் மார்க் காட்சும் அதை நிகழ்தகவுக் கோட்பாட்டோடு இணைத்து, பகாக் காரணிகளின் எண்ணிக்கை மணி வடிவப் பரவலைப் பின்பற்றுகிறது என்று நிறுவினர்.

5040 என்னும் எல்லை

1915ஆம் ஆண்டுக் கட்டுரை முழுமையாக அச்சேறவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்ததால், அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு இராமானுஜன் தாம் எழுதியவற்றில் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டார். அந்தக் கையெழுத்துப் பகுதி 1988ஆம் ஆண்டு புதுதில்லியில் வெளியான 'தொலைந்த நோட்டுப் புத்தக'த் தொகுப்பில் படியாக இடம்பெற்றது. பின்னர் கிருஷ்ணசாமி அல்லாடி நிறுவிய 'இராமானுஜன் ஜர்னல்' ஆய்விதழின் முதல் தொகுதியில், 1997ஆம் ஆண்டு, ழான் லூயி நிக்கோலா, கீ ரோபன் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புரையுடன் வெளியாயிற்று.

ஒதுக்கப்பட்ட அப்பகுதியில் இராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையோடு நில்லாமல் காரணிகளின் கூடுதலையும், அது எவ்வளவு பெரிதாகலாம் என்பதையும் ஆராய்ந்திருந்தார். இத்துறையில் 1944ஆம் ஆண்டு அலாவோக்லுவும் ஏர்டோசும் தனியே கண்டறிந்து வெளியிட்டவற்றுள் சில அவருடைய கையெழுத்தில் ஏற்கெனவே இருந்தன. காரணிகளின் கூடுதலை அந்த எண்ணாலேயே வகுத்தால் கிடைப்பதை அதன் நிறைவு விகிதம் எனலாம்; 6க்கு இது (1 + 2 + 3 + 6) ÷ 6 = 2. கீ ரோபன் 1984ஆம் ஆண்டு நிறுவிய தேற்றம் இதைப் பற்றியது: 5040ஐவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணுக்கும், அதன் நிறைவு விகிதம் அதன் இரட்டை மடக்கையை 1.781 என்ற மாறிலியால் பெருக்கினால் வரும் எல்லையைவிடக் குறைவாக இருக்குமானால் ரீமான் கருதுகோள் மெய். ரீமான் கருதுகோள் மெய்யானால் 5040ஐவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணும் அந்த எல்லைக்குள் அடங்கும். பகா எண்கள் எப்படிப் பரவியுள்ளன என்பதை ஆளும் ரீமான் கருதுகோள் 1859 முதல் நிறுவப்படாமல் இருப்பது. அதன் தீர்வுக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது.

நம் எண்களை இந்த எல்லையோடு ஒப்பிடலாம். 5040இன் காரணிகளின் கூடுதல் 19344, விகிதம் 3.838, எல்லை 3.817. இது எல்லையை மீறுகிறது. 636906இன் காரணிகளின் கூடுதல் 1287648, விகிதம் 2.02, எல்லை 4.62. இது எல்லையின் அருகில்கூட வரவில்லை. 6746328388800க்கு விகிதம் 5.84, எல்லை 6.03. சாதாரண எண்கள் எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்க, காரணிகள் நிறைந்த எண்கள் மட்டுமே அதை நெருங்குகின்றன என்பதால், ரீமான் கருதுகோள் பொய்யாகும் பட்சத்தில் அதைக் காட்டிக்கொடுக்கும் எண்ணை இத்தகைய எண்களிடையேதான் தேட வேண்டும். கணிதத்தின் முதன்மை நீரோட்டத்திலிருந்து ஒதுங்கிய ஓர் உப்பங்கழி என்று ஹார்டி கருதிய இந்த ஆய்வு, அதன் மையமான கேள்வியோடு வந்து சேர்ந்த வழி இது.

இலக்கங்கள் சொல்லாதவை

ஓர் எண்ணைக் காரணிப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் அதன் இலக்கங்களின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. 6746328388800ஐ 23 வரையுள்ள ஒன்பது பகா எண்களைக் கொண்டே ஒரு பள்ளி மாணவர் தாளில் பிரித்துவிடலாம்; தீர்த்தமலையின் ஆறு இலக்கத்துக்கு 101 வரை, அதாவது இருபத்தாறு பகா எண்களைச் சோதித்தாக வேண்டும். மறுமுனையில், 250 இலக்கங்கள் கொண்ட ஆர்.எஸ்.ஏ–250 என்ற எண்ணுக்கு இரண்டே பகாக் காரணிகள், நான்கே காரணிகள். ஆனால் அவை இரண்டும் மிகப் பெரியவை என்பதால் அதைப் பிரிக்க 2020ஆம் ஆண்டு வரை காத்திருந்து ஏராளமான கணிப்பொறிகளைப் பயன்படுத்த நேர்ந்தது. இணையத்தில் நடக்கும் பணப் பரிமாற்றங்களின் மறைகுறியீட்டு முறைகளில் ஒன்று இந்தக் கடினத்தையே காவலாகக் கொண்டுள்ளது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணாகிய 2^136279841 − 1, நான்கு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்டிருந்தும், அதற்குள்ள காரணிகள் இரண்டே இரண்டு. ஓர் எண் பகா எண்ணா என்பதை, இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மிதமாகவே வளரும் நேரத்தில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடலாம் என்று 2002ஆம் ஆண்டு கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் நிறுவினர். பகு எண்ணை அதே போல விரைவாகப் பிரிக்கச் சாதாரணக் கணிப்பொறிக்கு ஏற்ற வழி எதுவும் இன்றளவும் கண்டறியப்படவில்லை.

பெரிய எண் என்றவுடன் அதன் நீளத்தைக் கண்டு வியப்பது எளிது. ஆயினும் கணிதம் மதிப்பது நீளத்தையன்று, அந்த எண் எவற்றால் ஆனது என்பதையே. பகா எண்களும் மீச்சிறு பொது மடங்கும் கற்பிக்கப்படும் வகுப்புகளில், ஒரு முறை செய்து மறந்துவிடும் பயிற்சிக் கணக்குகளுக்கு நடுவே, இராமானுஜனின் 1915ஆம் ஆண்டு அட்டவணையின் முதல் இருபது எண்களையேனும் மாணவர்களே கண்டுபிடிக்கும்படி ஆசிரியர்கள் விடலாம். பெருக்கல் வாய்பாடும் பொறுமையும் தவிர அதற்கு வேறொன்றும் தேவையில்லை. ஈரோட்டில் பிறந்தவர் என்று ஒரு வரியில் அவரை அறிமுகப்படுத்துவதைவிட, அவர் செய்த கணக்கை அவர்களையே செய்ய வைப்பதுதான் அவருக்குச் செய்யும் சரியான அறிமுகம்.